முன்கைக்குள் இழுத்த கம்பி: பென்னஸ் சமன்பாட்டின் ஐம்பது ஆண்டு வழக்கு

1940-களின் பிற்பகுதியில் நியூயார்க்கின் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் ஹாரி பென்னஸ் என்ற மருத்துவர் ஒரு சோதனை செய்தார். ஒருவரை அசையாமல் படுக்கச் சொல்லி, முழங்கைக்குக் கீழே முன்கையின் பருத்த பகுதியில் வெப்பநிலையை அளக்கும் ஒரு மெல்லிய தெர்மோகப்பிள் கம்பியைக் குறுக்காகக் கோத்தார். ஒரு பக்கத் தோலில் நுழைந்த கம்பி, தசையின் நடுவே ஓடி, மறுபக்கத் தோலில் வெளியே வந்தது. பிறகு அதைக் கொஞ்சம் இழுப்பார், நிறுத்துவார், வெப்பநிலையைக் குறிப்பார், மறுபடியும் இழுப்பார். கம்பியின் உணர்முனை தோலிலிருந்து கையின் மையத்துக்குப் போய், மையத்தைக் கடந்து எதிர்த்தோல் வரை நகரும். கை முழுவதற்கும் ஒரு வெப்பநிலை வளைவு கிடைத்துவிடும். இப்படி ஒன்பது பேரின் கைகளை அளந்தார். மேற்கைத் தமனியில் ஓடும் இரத்தத்தின் வெப்பநிலையையும் அளந்தார்.

அந்தக் கட்டுரை 1948-இல், அப்போதுதான் தொடங்கப்பட்டிருந்த 'ஜர்னல் ஆஃப் அப்ளைடு பிசியாலஜி'யின் முதல் தொகுதியில் வெளிவந்தது. அதில் அளவீட்டோடு ஒரு சமன்பாடும் இருந்தது. உயிருள்ள திசுவில் வெப்பம் எப்படிப் பரவுகிறது என்று கணினியில் கணக்கிடுபவர்கள் இன்றும் முதலில் எழுதுவது அந்தச் சமன்பாட்டைத்தான். கல்லீரல் கட்டியைச் சூட்டால் கருக்கும் சிகிச்சை, தீக்காயத்தின் ஆழம், கைபேசி அலை தலைக்குள் உண்டாக்கும் சூடு என்று எதை எடுத்தாலும் அது வந்து நிற்கும்.

நடுவில் ஒரு காலம் அதைத் தவறு என்றே பலர் முடிவு கட்டியிருந்தார்கள். அளவீடும் சமன்பாடும் பொருந்தவில்லை என்பது குற்றச்சாட்டு. அந்தப் பொருந்தாமை எங்கிருந்து வந்தது என்பது 1998-இல் தெரிந்தது. இந்த நிகழ்வை நான் எடுத்துக்கொண்டதற்குக் காரணம் அதுதான். பிழை இயற்பியலில் இல்லை. ஒன்பது கைகளின் எண்களை ஒன்றாகக் கூட்டி வகுத்த இடத்தில் இருந்தது.

சமன்பாடு என்ன கணக்குப் பார்க்கிறது

திசுவில் ஒரு சிறு கனசதுரத்தை எடுத்துக்கொள்வோம். அதற்குள் வெப்பம் மூன்று வழிகளில் வருகிறது. முதலாவது வெப்பக்கடத்தல்: சூடான பக்கத்திலிருந்து குளிர்ந்த பக்கத்துக்கு, இரும்புக் கம்பியில் நடப்பது போலவே. இரண்டாவது வளர்சிதை மாற்றம்: உயிரணுக்கள் உணவை எரித்துத் தாமே உண்டாக்கும் வெப்பம். மூன்றாவது இரத்தம். பென்னஸ் புதிதாகச் சேர்த்தது இந்த மூன்றாவதைத்தான்.

இரத்தத்தை அவர் கணக்கில் கொண்டுவந்த விதம் மிக எளிமையானது. ஒவ்வொரு நொடியும் குறிப்பிட்ட அளவு இரத்தம் தமனியின் வெப்பநிலையில் அந்தக் கனசதுரத்துக்குள் நுழைகிறது. நுண்குழாய்களில் திசுவோடு முழுமையாகச் சமனாகி, திசுவின் வெப்பநிலையில் வெளியேறுகிறது. இடையில் விட்டுச்சென்ற வித்தியாசம் முழுதும் திசுவுக்கு வரவு. இரத்தம் எந்தத் திசையில் ஓடுகிறது, குழாயின் தடிமன் என்ன, பக்கத்தில் சிரை இருக்கிறதா என்ற கேள்விகள் எதுவும் இதில் கிடையாது. இரத்தம் ஒரு நதியாக ஓடவில்லை, எல்லா இடத்திலும் சீராகத் தூவும் மழையாகப் பெய்கிறது என்று வைத்துக்கொண்டார்.

முழுமையாகச் சமனாகிறதா, பாதிதான் சமனாகிறதா என்ற கேள்வியையும் அவர் விட்டுவிடவில்லை. சுழியிலிருந்து ஒன்று வரை மாறக்கூடிய ஒரு கெழுவை, அதாவது ஒரு பெருக்கு எண்ணை, சமன்பாட்டில் வைத்தார். கணக்கிடும்போது அதைச் சுழி என்று எடுத்துக்கொண்டார், அதாவது முழுமையான சமன். பின்னால் பல ஆண்டு நடந்த சண்டை இந்தக் கெழுவைச் சுற்றித்தான்.

கையை நீண்ட உருளை என்றும், வெப்பநிலை காலத்தோடு மாறவில்லை என்றும் வைத்தால், சமன்பாட்டின் விடை, உருளை வடிவக் கணக்குகளில் வழக்கமாக வரும் பெசல் சார்புகள் என்ற கணிதச் சார்புகளில் வரும். கணினி இல்லாத காலத்தில் அட்டவணையைப் பார்த்தே அதைக் கணக்கிட முடியும். பென்னஸ் அப்படித்தான் செய்தார்.

அந்தக் கையை மறுபடி கட்டுதல்

இந்த ஆய்வுக்காக அந்த உருளையை நானே பைத்தான் நிரல்மொழியில் கட்டிப் பார்த்தேன். ஆரம் 4 சென்டிமீட்டர். அதை 1 மில்லிமீட்டர் தடிமனுள்ள நாற்பது வளையங்களாக வெட்டினேன், வெங்காயத்தின் அடுக்குகள் போல. ஒவ்வொரு வளையத்துக்கும் ஒரு வரவு செலவுக் கணக்கு: உள்வளையம் தருவது, வெளிவளையத்துக்குக் கொடுப்பது, தசை எரிப்பது, இரத்தம் கொண்டுவருவது. நாற்பது சமன்பாடு, நாற்பது விடை. ஒரு சாதாரண மடிக்கணினி கண் இமைப்பதற்குள் தீர்த்துவிடுகிறது. பெசல் சார்பு தரும் விடையோடு ஒப்பிட்டேன், இரண்டும் ஒத்துப்போயின.

நான் வைத்த எண்கள் இவை. தசையின் வெப்பக்கடத்துதிறன் மீட்டருக்கு டிகிரிக்கு 0.49 வாட். அறை 26.5 டிகிரி. தமனி இரத்தம் 36 டிகிரி. தசையின் சொந்த வெப்பம் கன மீட்டருக்கு 700 வாட். தோலிலிருந்து காற்றுக்கும் கதிர்வீச்சுக்கும் சேர்த்துச் சதுர மீட்டருக்கு டிகிரிக்கு 10 வாட் இழப்பு. இரத்த ஓட்டம் 100 மில்லிலிட்டர் திசுவுக்கு நிமிடத்துக்கு 2 மில்லிலிட்டர், ஓய்வில் இருக்கும் முன்கைக்குப் பொருந்தும் அளவு. இவை பென்னஸின் எண்கள் அல்ல, இன்று வழக்கில் உள்ள மதிப்புகளை ஒட்டி நான் தேர்ந்தவை.

கை மையத்தில் 35.0 டிகிரி வந்தது, தோலில் 32.9. இரத்த ஓட்டத்தை இரட்டிப்பாக்கினால் மையம் 35.7, தோல் 33.7.

பிறகு இரத்த ஓட்டத்தைச் சுழியாக்கினேன். மையம் 28.5 டிகிரிக்கும் தோல் 27.9 டிகிரிக்கும் இறங்கிவிட்டன. அறையின் வெப்பநிலையைவிட ஒன்றரை, இரண்டு டிகிரிதான் கூடுதல். கையின் தசை தன் சொந்த முயற்சியில் வைத்துக்கொள்ளக்கூடிய சூடு அவ்வளவுதான். நம் கை சூடாக இருப்பதைக் கையின் குணம் என்று நினைக்கிறோம். உண்மையில் அது நெஞ்சுக்கூட்டிலிருந்தும் வயிற்றிலிருந்தும் இரத்தம் சுமந்து வந்து கொடுக்கும் கடன். 25 சென்டிமீட்டர் நீளக் கைக்குக் கணக்குப் போட்டால், தோல் வழியே வெளியேறுவது சுமார் 4 வாட். தசை தானே உண்டாக்குவது அதில் 0.9 வாட்கூட முழுதாக இல்லை. மீதி 3 வாட்டுக்குச் சற்று மேல் இரத்தத்தின் பங்கு.

ஆனால் அந்தக் கடன் நின்றவுடன் கை குளிர்ந்துவிடாது. 4 சென்டிமீட்டர் ஆரமுள்ள தசை உருளைக்கு வெப்பக் கால மாறிலி, அதாவது சூட்டு வித்தியாசத்தில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு கரைய ஆகும் நேரம், சுமார் இரண்டரை மணி வருகிறது. அதனால் இரத்த அழுத்தம் பார்க்கும் பட்டையை இறுக்கிச் சில நிமிடம் ஓட்டத்தை நிறுத்தினால் மையத்தில் அனேகமாக ஒன்றும் தெரியாது. இரத்தத்தின் பங்கைக் குறுகிய சோதனையில் பார்ப்பது அவ்வளவு கடினம்.

இங்கே ஒரு பிழையைச் சொல்லியாக வேண்டும், ஏனென்றால் இந்தத் துறைக்குள் புதிதாக வருபவர் பலரும் இதே பள்ளத்தில் விழுகிறார்கள். உடலியல் நூல்கள் இரத்த ஓட்டத்தை நிமிடக் கணக்கில் கொடுக்கின்றன. சமன்பாடு நொடிக் கணக்கில் கேட்கிறது. முதல் ஓட்டத்தில் நான் 60-ஆல் வகுக்க மறந்திருந்தேன். வண்ணப் படம் அழகாகவே வந்தது. கை முழுதும் 36 டிகிரி, தோலில் 35.5. நிரல் எந்தப் புகாரும் சொல்லவில்லை. உள்ளங்கையை நெற்றியில் வைத்துப் பார்ப்பவருக்கு 35.5 என்பது நம்பக்கூடிய எண்தான். 26 டிகிரி அறையில் ஓய்வாகக் கிடக்கும் கையின் தோல் அவ்வளவு சூடாக இருக்காது என்று தெரிந்திருந்தால் மட்டுமே தவறு கண்ணில் படும். வண்ணப் படத்தைப் பார்ப்பதற்கு முன், இரத்தம் இல்லாத கணக்கையும் இருக்கும் கணக்கையும் ஒரு தாளில் கையால் போட்டு வைத்துக்கொள்வது அன்றிலிருந்து எனக்குப் பழக்கம்.

இந்தச் சமன்பாட்டுக்குள் ஒரு நீளம் ஒளிந்திருக்கிறது. வெப்பக்கடத்துதிறனை இரத்தம் கொண்டுவரும் வெப்பத்தின் அளவால் வகுத்து, வர்க்கமூலம் எடுத்தால் கிடைப்பது அது. ஓரிடத்தில் ஏற்பட்ட சூட்டையோ குளிரையோ இரத்தம் எவ்வளவு தூரத்துக்குள் கரைத்துவிடும் என்பதை அது சொல்கிறது. ஓய்வில் இருக்கும் முன்கைக்கு அது சுமார் 2 சென்டிமீட்டர். கையின் ஆரமே 4 சென்டிமீட்டர்தான். ஆகவே அறையின் குளிர்ச்சி கையின் மையம் வரை எட்டிப் பார்க்கும். மையத்தில் தமனியின் 36 டிகிரி கிடைக்காமல் 35 கிடைத்ததற்குக் காரணம் இதுதான்.

மூன்று எதிர்வாதங்கள்

பென்னஸ் கட்டுரை நெடுநாள் அமைதியாகக் கிடந்தது. 1960-களில் கணினி கைக்கு எட்டியதும் அது உயிர்பெற்றது. டெக்சாஸ் பல்கலைக்கழகத்தின் வேதிப்பொறியாளர் யூஜீன் விஸ்லர் 1964-இல் மனித உடல் முழுவதையும் பதினைந்து உருளைகளாகப் பிரித்துக் கணக்கிட்டார். விண்வெளி வீரர்களின் உடல் சூட்டைக் கணிக்க நாசாவுக்காக ஸ்டோல்விக் என்ற ஆய்வாளர் அமைத்த மாதிரியில் ஆறு உடல் பகுதிகள், ஒவ்வொன்றிலும் நான்கு அடுக்குகள், எல்லாவற்றையும் இணைக்கும் ஒரு நடு இரத்தத் தொட்டி: மொத்தம் இருபத்தைந்து முனைகள். எல்லாவற்றுக்கும் அடியில் அதே மழைக் கணக்கு.

பயன்பாடு பெருகியபோது கேள்வியும் பெருகியது.

1974-இல் வுல்ஃப் என்ற ஆய்வாளர் திசையைப் பற்றிக் கேட்டார். இரத்தம் ஒரு திசையில் நகரும் திரவம். நகரும் திரவம் வெப்பத்தைத் தன் போக்கில் இழுத்துச் செல்லும். திசையே இல்லாத ஒரு எண்ணால் அதை எப்படிக் குறிக்க முடியும்?

1980-இல் செனும் ஹோம்ஸும் கேட்டது அதைவிட ஆழமாகக் குத்தியது. இரத்தக் குழாய் ஒவ்வொன்றிலும் இரத்தம் சுற்றுத் திசுவோடு சமனாக எவ்வளவு தூரம் ஓட வேண்டும் என்று கணக்கிட்டார்கள். பெருந்தமனியில் இரத்தம் வேகமாகப் போவதால் சமனாக நேரம் கிடைப்பதில்லை. நுண்குழாயிலோ ஒரு மயிரிழைத் தூரத்துக்கும் குறைவாகவே போதும். அப்படியானால் இரத்தம் நுண்குழாயை அடைவதற்கு முன்பே, வழியிலுள்ள சிறுதமனிகளிலேயே, வெப்பத்தைக் கொடுத்து முடித்துவிடுகிறது. நுண்குழாயில் கொடுக்க ஒன்றும் மிச்சம் இல்லை. பென்னஸ் காட்டிய பரிமாற்ற இடத்தில் பரிமாற்றமே நடக்கவில்லை.

இந்த வாதம் சரி. இன்றும் அதை யாரும் மறுப்பதில்லை.

மூன்றாவது எதிர்வாதம் வைன்பாம், ஜிஜி இருவருடையது, 1985-இல் முழு வடிவம் பெற்றது. கையில் தமனியும் சிரையும் அருகருகே இணையாக, எதிரெதிர் திசையில் ஓடுகின்றன. கீழே போகும் சூடான தமனி தன் வெப்பத்தை மேலே வரும் குளிர்ந்த சிரைக்குக் கொடுத்துவிடுகிறது. அந்த வெப்பம் திசுவுக்குப் போகவே இல்லை, குறுக்கு வழியில் உடலுக்கே திரும்பிவிட்டது. பென்னஸ் கட்டுரை வந்த அதே 1948-இல் பேசெட்டும் அவர் குழுவும் குளிரில் மணிக்கட்டுத் தமனியின் இரத்தம் உடலின் மைய வெப்பநிலையைவிடப் பல டிகிரி கீழே இறங்குவதை அளந்து காட்டியிருந்தார்கள். ஆகவே தமனியின் வெப்பநிலை என்று ஒரே ஒரு எண் போட முடியுமா என்பதே கேள்விக்குரியது. வைன்பாமும் ஜிஜியும் இரத்தப் பகுதியை நீக்கிவிட்டு, திசுவின் வெப்பக்கடத்துதிறனே இரத்த ஓட்டத்துக்கு ஏற்பக் கூடுவது போன்ற வேறொரு சமன்பாட்டை எழுதினார்கள்.

இந்த வாதங்களுக்கெல்லாம் துணைநின்ற சாட்சி பென்னஸின் சொந்த அளவீடு. அவர் வரைந்த சராசரி வளைவு மையத்துக்கு அருகில் கூர்மையாக மேலெழுந்தது. சமன்பாடு சொன்ன வளைவோ மையத்தில் தட்டையாக இருந்தது. 'தன் தரவையே விளக்க முடியாத சமன்பாடு' என்ற பெயர் அதோடு ஒட்டிக்கொண்டது.

ஆரம்

1998-இல் அந்த இதழ் தன் ஐம்பதாவது ஆண்டையொட்டி பென்னஸ் கட்டுரையை மறுபதிப்பு செய்தது. கூடவே விஸ்லரின் மறுஆய்வும் வந்தது. முப்பது ஆண்டுகளுக்கும் மேலாக இந்தச் சமன்பாட்டோடு வாழ்ந்தவர் அவர். சமன்பாட்டை விட்டுவிட்டு, சராசரி எடுக்கப்பட்ட முறையைப் பார்த்தார்.

ஒன்பது பேரின் கைகள் ஒரே பருமன் அல்ல. பென்னஸ் தரவைச் சேர்த்தபோது மையத்திலிருந்து எத்தனை சென்டிமீட்டர் என்ற தூரத்தை அப்படியே வைத்துக்கொண்டார். ஒவ்வொரு கையின் தூரத்தையும் அந்தக் கையின் ஆரத்தால் வகுத்திருக்க வேண்டும். மையம் சுழி, தோல் ஒன்று, பாதி வழி அரை என்று எல்லாக் கைகளையும் ஒரே அளவுகோலுக்குக் கொண்டுவந்த பிறகே கூட்டியிருக்க வேண்டும். அது நடக்கவில்லை.

இது எவ்வளவு பெரிய குழப்பத்தைச் செய்யும் என்று பார்க்க, என் நிரலில் இரண்டு கைகளை ஓட்டினேன். ஒன்று ஒல்லியான கை, ஆரம் 3.2 சென்டிமீட்டர். இன்னொன்று பருத்த கை, 4.8 சென்டிமீட்டர். வேறு எல்லா எண்களும் முன்பு சொன்னவையே. இரண்டும் பென்னஸ் சமன்பாட்டை அச்சு அசலாகப் பின்பற்றும் கைகள், அளவீட்டுப் பிழை என்ற பேச்சுக்கே இடமில்லை.

ஒல்லிக் கையின் மையம் 34.3, தோல் 32.6. பருத்த கையின் மையம் 35.4, தோல் 33.1. மையத்திலிருந்து 3.2 சென்டிமீட்டரில் ஒல்லிக் கை தோலைத் தொட்டுவிட்டது, 32.6 டிகிரி. பருத்த கையில் அதே 3.2 சென்டிமீட்டர் இன்னும் தசைக்குள்தான் இருக்கிறது, 34.6 டிகிரி. சராசரி 33.6. இன்னும் ஒரு மில்லிமீட்டர் வெளியே போனால் ஒல்லிக் கை முடிந்துபோய்விட்டது. கணக்கில் இருப்பது பருத்த கை மட்டும்: 34.5 டிகிரி.

அதாவது சராசரிக் கையில், தோலை நோக்கி ஒரு மில்லிமீட்டர் நகர்ந்ததும் வெப்பநிலை கிட்டத்தட்ட ஒரு டிகிரி மேலே குதிக்கிறது. அப்படிப்பட்ட கை எந்த மனிதருக்கும் இல்லை. இரண்டு கைக்குப் பதிலாக ஒன்பது கை இருந்தால் இந்தக் குதிப்பு சின்னச் சின்னதாக உடைந்து, வழவழப்பாக்கிய கோட்டில் மறைந்துவிடும். மறைந்தாலும் வளைவின் உருவத்தைக் கெடுத்துவிட்டுத்தான் மறையும். வளைவின் உருவத்தை வைத்துத்தான் எல்லாரும் சமன்பாட்டுக்குத் தீர்ப்பு எழுதினார்கள்.

விஸ்லர் கைகளை ஆரத்தால் வகுத்து மறுபடி அடுக்கியபோது, அளவீடும் சமன்பாடும் நன்றாகவே பொருந்தின. புதிய ஊசி இல்லை, புதிய சோதனை இல்லை. ஐம்பது ஆண்டு பழைய எண்கள், ஒரு வகுத்தல்.

பென்னஸ் அதைப் பார்க்கவில்லை. இந்தக் கட்டுரைக்குப் பின் மனநோய் மருந்துகள் பற்றிய ஆராய்ச்சியில் ஈடுபட்ட அவர் 1963-இலேயே இறந்துவிட்டார். தன் பெயரில் ஒரு சமன்பாடு உலகம் முழுதும் ஓடப்போகிறது என்பதோ, அதைச் சுற்றி இப்படி ஒரு வழக்கு நடக்கும் என்பதோ அவர் அறிந்திருக்க வழியில்லை.

செனும் ஹோம்ஸும் சொன்னது சரியென்றால் சமன்பாடு எப்படி வேலை செய்கிறது? இந்த நிகழ்வில் எனக்கு மிகப் பிடித்த இடம் இது. பென்னஸ் வெப்பம் கைமாறும் இடத்தைத்தான் தவறாகச் சொன்னார், கைமாறிய மொத்தத் தொகையைத் தவறாகச் சொல்லவில்லை. இரத்தம் நுண்குழாயில் கொடுத்தால் என்ன, அதற்கு முந்தைய சிறுதமனியில் கொடுத்தால் என்ன, தசைக்கு வந்து சேர்ந்தது அதே தொகை. திரும்பிப் போகும் சிரை எவ்வளவு வெப்பத்தைத் திருடிச் செல்கிறது என்பது மட்டுமே பாக்கிக் கேள்வி. 1997-இல், எதிர்வாதத்தின் முன்வரிசையில் நின்ற வைன்பாமே தன் குழுவோடு தசைக்கு ஒரு புதிய சமன்பாட்டை வெளியிட்டார். அதில் இரத்தப் பகுதி பென்னஸ் வடிவத்திலேயே திரும்பி வந்திருந்தது, முன்னால் ஒன்றைவிடக் குறைவான ஒரு திருத்தக் கெழுவோடு. பென்னஸ் 1948-இல் வைத்துவிட்டுச் சுழியாக்கிய கெழு செய்திருக்க வேண்டிய வேலை அதுவே.

கல்லீரலுக்கு வரும்போது

முன்கையில் அரை டிகிரி தவறினால் யாருக்கும் நோகாது. கல்லீரலில் அப்படி இல்லை.

ரேடியோ அதிர்வெண் நீக்கம் என்ற சிகிச்சையில், தோல் வழியாக ஒரு மின்முனை ஊசியைக் கல்லீரல் கட்டிக்குள் செலுத்தி, 500 கிலோஹெர்ட்ஸுக்குச் சற்றுக் கீழான மின்னோட்டத்தைப் பாய்ச்சுகிறார்கள். ஊசியைச் சுற்றியுள்ள திசு மின்னோட்டத்தால் சூடாகி வெந்துவிடும். திசுவின் வெப்பநிலை 50 டிகிரிக்கு மேலும் 100 டிகிரிக்குக் கீழும் நிற்க வேண்டும். 100-ஐத் தொட்டால் நீர் ஆவியாகி, திசு கருகி, மின்தடை ஏறி, மின்னோட்டமே நின்றுவிடும். கட்டியோடு சேர்த்து அதைச் சுற்றி 5 முதல் 10 மில்லிமீட்டர் நல்ல திசுவையும் வேகவைத்தால்தான் கட்டி திரும்ப வராது என்று நம்பலாம். எவ்வளவு நேரம், எவ்வளவு மின்திறன் என்று முன்கூட்டியே கணிக்க உதவுவது கணினி மாதிரி.

அதே ஒளிந்திருக்கும் நீளத்தை இங்கே கணக்கிடுவோம். திசுக்களின் பண்புகளைத் தொகுத்து வைத்திருக்கும் சூரிச் நகரின் ஐ.டி.ஐ.எஸ். அறக்கட்டளைத் தரவுத்தளம், கல்லீரலின் இரத்த ஓட்டத்தைக் கிலோவுக்கு நிமிடத்துக்கு 860 மில்லிலிட்டர் என்று தருகிறது. நான் முன்கைக்கு வைத்ததைப் போல நாற்பது மடங்குக்கும் மேல். விளைவு, 2 சென்டிமீட்டராக இருந்த நீளம் 3 மில்லிமீட்டராகச் சுருங்கிவிடுகிறது. நல்ல கல்லீரலுக்குள் ஊசியின் சூடு அதற்கு மேல் தானாக எட்டிப் போக முடியாது, இரத்தம் வாரிக்கொண்டு போய்விடும். கட்டியின் ஓரத்தில் வேண்டிய 5 மில்லிமீட்டரை இந்த 3 மில்லிமீட்டரோடு வைத்துப் பார்த்தால் சிகிச்சை எவ்வளவு இறுக்கமான இடத்தில் நடக்கிறது என்று புரியும்.

மழைக் கணக்கு உண்மையிலேயே தோற்கும் இடமும் இங்கேதான். கட்டிக்குப் பக்கத்தில் 3 மில்லிமீட்டருக்கு மேல் தடிமனான இரத்தக் குழாய் ஓடினால், அதைச் சீரான தூறலாக நடத்தக் கூடாது. அது திசை உள்ள நதி. அதன் கரையோரம் உள்ள கட்டி உயிரணுக்கள் குளிர்விக்கப்பட்டுத் தப்பிவிடும். மருத்துவர்களிடையே வெப்ப வடிகால் என்ற பேச்சு இருப்பது இதனால்தான். திறந்த அறுவையில் கல்லீரலுக்குள் வரும் தமனியையும், குடலிலிருந்து இரத்தம் கொண்டுவரும் போர்ட்டல் சிரையையும் சிறிது நேரம் இறுக்கிப் பிடித்து ஓட்டத்தை நிறுத்தும் முறை ஒன்று உண்டு. இரத்தப்போக்கைத் தடுக்க கிளாஸ்கோவின் பிரிங்கிள் 1908-இல் விவரித்தது அது. வெப்பச் சிகிச்சையில் அதே பிடி கருகும் பகுதியைப் பெரிதாக்க உதவுகிறது. மாதிரியில் இதற்குச் செய்ய வேண்டியது, பெரிய குழாய்களை நோயாளியின் சி.டி. படத்திலிருந்து தனித்தனியே வரைந்து, அவற்றின் சுவர்களில் இரத்தத்தின் குளிர்ச்சியை எல்லை நிபந்தனையாக, அதாவது அந்த ஓரத்தில் கணக்கு மீறக் கூடாத மதிப்பாக, வைப்பது. சிறு குழாய்களுக்கு மட்டும் பென்னஸ் மழை போதும்.

இன்னொன்றும் உண்டு. திசு வெந்தவுடன் அதன் சிறு குழாய்கள் அடைபட்டுவிடும். அதற்குப் பிறகும் அங்கே இரத்தம் ஓடுவதாகக் கணக்கில் வைத்தால், கருகும் பகுதி உண்மையைவிடச் சிறியதாகத் தெரியும். எனவே ஒவ்வொரு சிறு கூறும் எவ்வளவு சேதமடைந்தது என்று நிரல் நொடிக்கு நொடி கூட்டிக்கொண்டே வந்து, எல்லை தாண்டியதும் அந்தக் கூறுக்கு இரத்தத்தை நிறுத்த வேண்டும்.

சேதத்தைக் கூட்டும் முறையும் அந்தக் காலத்துடையதே. 1947-இல் ஹார்வர்டில் மோரிட்ஸும் ஹென்ரிக்கஸும் பன்றித் தோலில் சூடு வைத்துக் காயத்தை அளந்தார்கள். 44 டிகிரியில் தோல் சுமார் 6 மணி நேரம் தாங்கியது, 60 டிகிரியில் சில நொடிகளில் முடிந்துவிட்டது. வேதிவினைகளின் வேகத்துக்கான அரீனியஸ் விதியை ஹென்ரிக்கஸ் இதற்குப் பொருத்தினார். அவர் தந்த மாறிலிகளை வைத்து 50 டிகிரிக்குப் பக்கத்தில் கணக்கிட்டால், ஒவ்வொரு டிகிரி கூடும்போதும் சேதத்தின் வேகம் இரண்டு மடங்காகிறது. புற்றுநோய் வெப்பச் சிகிச்சையில் சப்பரேட்டோவும் டூயியும் 1984-இல் தந்த அளவுகோலும் 43 டிகிரிக்கு மேல் ஒரு டிகிரிக்கு நேரம் பாதி என்றே சொல்கிறது.

ஆகவே மாதிரி ஒரு டிகிரி பிசகினால், சிகிச்சை நேரக் கணக்கு இரண்டு மடங்கு பிசகும். என் இரண்டு கைகளைக் கூட்டி வகுத்ததில் வந்த செயற்கைக் குதிப்பு கிட்டத்தட்ட ஒரு டிகிரி என்பது நினைவிருக்கட்டும்.

இதில் மீந்து நிற்கும் பெரிய அறியாமை ஒரே எண்ணில் இருக்கிறது: இந்த நோயாளியின், இந்தக் கல்லீரலின், கட்டியைச் சுற்றியுள்ள இரத்த ஓட்டம். வெப்பக்கடத்துதிறன் ஆளுக்கு ஆள் அவ்வளவாக மாறாது. இரத்த ஓட்டம் மாறும். கல்லீரல் சுருக்க நோய் இருந்தால் மாறும், மயக்க மருந்தால் மாறும், சூடாகும்போதே மாறும். 860 என்பது தரவுத்தளத்தின் சராசரி. உண்மை அதில் பாதியாக இருந்தால் 3 மில்லிமீட்டர் 4.2 ஆகும், இரட்டிப்பாக இருந்தால் 2.1 ஆகும்.

அதனால் கருகும் எல்லையை நான் ஒற்றைக் கோடாக வரைந்து கொடுப்பதை நிறுத்திவிட்டேன். பாதி ஓட்டத்துக்கு ஒன்று, தரவுத்தள மதிப்புக்கு ஒன்று, இரட்டிப்புக்கு ஒன்று என்று மூன்று கோடுகள், மூன்றுக்கும் கீழே எந்த மதிப்பு என்று எழுதி, கட்டியின் ஓரமும் பக்கத்துக் குழாயும் அதே படத்தில் தெரியும்படி வைக்கிறேன். மூன்று கோடுகளும் கட்டிக்கு வெளியே விழுந்தால் ஊசியை வைக்கும் இடம் சரி. உள்கோடு கட்டிக்குள் விழுந்தால் ஊசியின் இடத்தை மாற்றி மறுபடி ஓட்டுகிறேன்.